குரும்பப்பட்டி ஜூ போனோம், பாப்பா பென்குயின் கேட்டா

ஞாயித்துக்கிழமை பாப்பாவயும் அம்மாயியயும் கூட்டிக்கிட்டு குரும்பப்பட்டி ஜூ போயிட்டு வந்தோம். 1981லருந்து ஏற்காடு மலை அடிவாரத்துல இருக்கு, சேலத்துல படிச்ச பாதிப்பேர் ஸ்கூல் டூர்ல போயிருப்போம், ஆனா இந்தத் தடவை உள்ள நுழைஞ்சதும் பாப்பா கேட்டது "பென்குயின் எங்கம்மா?"

மே லீவுல மும்பை பைகுல்லா ஜூவுல பாத்துட்டு வந்தவ. அதுவரைக்கும் அவளுக்கு பென்குயின்னா பார்க்ல வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிற குப்பைத்தொட்டிதான். அங்க 2016ல கொரியாலருந்து 8 ஹம்போல்ட் பென்குயின் கொண்டு வந்தாங்க, வந்த சில மாசத்துலயே ஒண்ணு செத்துப்போச்சு, 2018 ஆகஸ்ட் 15ல பொரிச்ச மொத குஞ்சும் ஒரு வாரம்தான் இருந்துச்சு, அப்புறமா பொரிச்சதுல பொழச்சு வளந்ததும் இருக்கு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டிசம்பர் ஏற்காடு மாதிரி ஜில்லுன்னு வெச்சிருக்காங்க.

ஆனா இது பனிக்கட்டில வாழுற ஜாதி இல்லங்க, பெரு, சிலி கடலோரத்துப் பறவை. கடல் பறவைங்க எச்சம் காலங்காலமா குவிஞ்சு கெட்டியாகிக் கெடக்கும், அதுல வளை தோண்டித்தான் முட்டை வெக்கும், அந்த எச்சத்த உரத்துக்குன்னு மனுசங்க சொரண்டி எடுத்துட்டாங்க, அப்ப முட்டைய எங்க வெக்கும், நெறைய எடத்துல வெட்டவெளிதான். அதுக்கு மேல நெத்திலிய வலை போட்டு அள்ளுறோம், எல் நினோ வந்தா கடல் சூடாகி இருக்கிற மீனும் கெடைக்காது.

சிலதக் கூண்டுல வெச்சா, கடல்ல இருக்கிற மத்ததுக்கு அது எப்படி உதவும்னு நானும் கேட்டிருக்கேன். 2000ல கேப் டவுன் பக்கம் ட்ரெஷர்னு ஒரு கப்பல் மூழ்கி, ஏறக்குறைய 19,000 ஆப்பிரிக்க பென்குயின் மேல எண்ணெய் அப்பிக்கிச்சு. ஆயிரக்கணக்கான ஜனங்க கழுவ வந்தாங்க, அவங்களோட பல நாட்டு ஜூவுல பென்குயின் பாத்துக்கிறவங்களும் ப்ளைட் ஏறிப் போனாங்க, ஏன்னா கொத்துற பறவைய எப்படிப் புடிக்கணும், வாயில மீன எப்படி ஊட்டணும்னு பழகுன கை அவங்களுது. பத்துல ஒம்பது பொழச்சுது.

எங்க தெரு அண்ணன் ஒருத்தர் "நம்ம ஜூவுலயும் ரெண்டு பென்குயின் விட்டா கூட்டம் அள்ளும்"ங்கறாரு. வேணாங்க. ஏப்ரல் வெயில்ல கரண்ட் போனா அந்த உசுருங்க என்ன பண்ணும்? இங்க இருக்கிற புள்ளிமான், மயில், முதலை எல்லாம் இந்த வெயிலுக்குன்னே பொறந்ததுங்க. மானுக்குத் தழை போட வந்தவர்கிட்ட பாப்பா நொய்நொய்னு கேட்டுக்கிட்டே இருந்தா, அவரு சலிச்சுக்கவே இல்ல, எது சினையா இருக்கு, எது நேத்துலருந்து சரியா மேயலன்னு தூரத்துலருந்தே காட்டுறாரு. எனக்கு உடனே அந்த எண்ணெய் கழுவுன கைங்கதான் ஞாபகம் வந்துச்சு. அவருக்காகவே அஞ்சு ஸ்டார்.

போறவங்க காலைலயே போயிருங்க, வெயில் ஏறிட்டா மானெல்லாம் நெழல்ல படுத்துக்கும். தழை போடுற நேரமாப் பாத்து அங்க நின்னு பேசுங்க. முறுக்கு, சிப்ஸ் எதையும் உள்ள வீசாதீங்க, அவரு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாரு.