மங்குப் பாலுக்கு எந்த ஆசிட்? எறும்பா, பேட்டரியா, சும்மா விடுவதா?

மலேசியாவில், கெடா மாநிலத்துக் கோலக்கெட்டில் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் ரப்பர் காட்டில் நானே பால்வெட்ட ஆரம்பித்து நாலு வருஷமாகிறது. தோட்டத்தில் வேலை செய்தபோது பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது. சொந்தக் காட்டில் அப்படி இல்லை. மங்கிலேயே, அதாவது மரத்தில் பால் வடிகிற கிண்ணத்திலேயே, உறையவைத்து, கட்டிப்பாலாகத் தவுக்கேயிடம், அதாவது ரப்பர் வாங்கும் வியாபாரியிடம், போட வேண்டும். பார்மிக் ஆசிட், சல்ஃபூரிக் ஆசிட், ஒன்றும் ஊற்றாமல் விடுவது என மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது பார்மிக்கில் நிற்கிறேன்.

காரணம் விற்கிற விலை மட்டும் இல்லை, புரதமும்தான். ரப்பர் பாலில் 30 முதல் 40 சதவீதம் ரப்பர். புரதம் மொத்தமே ஒன்று, ஒன்றரை சதவீதம் இருக்கும். ஆனால் பால் பாலாக நிற்பதே அந்தக் கொஞ்சத்தால்தான். ஒவ்வொரு ரப்பர் துகளையும் சுற்றிப் புரதமும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பும் மெல்லிய போர்வையாக மூடியிருக்கின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அதில் குளூட்டாமிக், அஸ்பார்ட்டிக் போன்றவை பக்கவாட்டில் ஒரு கார்பாக்சில் தொகுதியை நீட்டிக்கொண்டிருக்கும். புதுப்பாலின் பிஹெச், அதாவது அமில அளவு, ஏறக்குறைய 7; அமிலம் கூடக் கூட இந்த எண் இறங்கும். அந்த நிலையில் கார்பாக்சில் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர் மின்சுமையோடு நிற்கும். எல்லாத் துகளுக்கும் அதே சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். ஆசிட் விட்டால் ஹைட்ரஜன் அயனி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். பிஹெச் 5-க்குக் கீழே இறங்கும்போது கூட்டலும் கழித்தலும் சரிக்குச் சரியாகிவிடும். அப்புறம் தள்ளுவதற்கு எதுவும் இல்லை, துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பசும்பாலில் எலுமிச்சை பிழிந்தால் பன்னீர் திரள்வதும் இதே கதைதான்; அங்கே கேசீன் 4.6-இல் திரள்கிறது. முட்டை வேகுவது வேறு. சூட்டில் புரதத்தின் மடிப்பே அவிழ்ந்துபோகிறது.

சும்மா விடுவது தயிர் உறைவது மாதிரி. பாலிலுள்ள சர்க்கரையைப் பாக்டீரியா தின்று, தானே அமிலம் உண்டாக்கும். செலவில்லை. பக்கத்துக் காட்டு அக்கா இன்றைக்கும் அப்படித்தான் விடுகிறார். "காசு மிச்சம் தம்பி" என்பார். வெயில் காலத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் உறைய ராத்திரி முழுக்க ஆகும். நடுவில் மழை கொட்டினால் மங்கு நிரம்பி, வெள்ளைத் தண்ணீராக வேரடியில் ஓடிவிடும். நாற்றமும் உண்டு. ஆசிட் போட்ட கட்டியும் நாள்பட்டால் நாறும், ஆனால் இது லோரி போன பிறகும் சட்டையில் நிற்கிற நாற்றம்.

இனி இரண்டு ஆசிட். சல்ஃபூரிக், அதாவது நாம் பேட்டரி ஆசிட் என்பது, மலிவு. நானும் ஆறு மாதம் அதைத்தான் ஊற்றினேன். அது வலுவான அமிலம். கையிலுள்ள ஹைட்ரஜனை ஒரே வீச்சில் வாரி இறைக்கும். ஒருநாள் மழைக்கறுக்கல் பார்த்து அவசரத்தில் கூடுதலாக ஊற்றிவிட்டேன். உறையும் என்று பார்த்தால் பாதி மங்கில் பால் கலங்கலாகவே கிடந்தது. பிறகுதான் புரிந்தது: சமநிலைப் புள்ளியைச் சட்டென்று தாண்டிவிட்டால் புரதம் இந்தப் பக்கம் நேர்மின்சுமை ஏற்றுக்கொள்ளும், துகள்கள் மறுபடியும் தள்ள ஆரம்பித்துவிடும். பார்மிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற கை. வலுக்குறைந்த அமிலம் என்பதால் கொஞ்சம் கூடிப்போனாலும் பிஹெச் அந்த அளவுக்குப் பாதாளத்தில் விழாது.

ஆனால் என்னை மாற்றியது அது இல்லை, விற்கிற இடத்தில் நடந்தது. தவுக்கே என் கட்டியைக் கத்தியால் பிளந்து, வடிந்த நீரைப் பார்த்துவிட்டு, "என்ன ஆசிட் போடுறே? என் லோரி தளமெல்லாம் அரிக்குதுலா" என்றார். அன்றைக்கு விலையையும் குறைத்தார். கோபம்தான் வந்தது. ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆலையில் ரப்பரை நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்துவார்கள். பார்மிக் 101 டிகிரியில் கொதிக்கும், தண்ணீரோடு தண்ணீராகப் பறந்துவிடும். சல்ஃபூரிக் பறக்காது. தண்ணீர் போகப் போக அது ரப்பருக்குள்ளேயே செறிந்து, ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கும், இரும்பையும் தின்னும். புரதத்தின் மின்சுமையைத் தொட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிற ஆசிட்தான் நமக்கு வேண்டும், அங்கேயே குடியேறுகிற ஆசிட் இல்லை. மலேசிய ரப்பர் வாரியம் பரிந்துரைப்பதும் பார்மிக்கைத்தான். பார்மிக் கேன் விலை அதிகம்தான். விற்கும்போது விலையில் வெட்டு விழாததில் எனக்கு அது ஈடாகிவிட்டது.

இதெல்லாம் மங்குக் கட்டிக்கு மட்டும். நான் ரப்பர் தகடு போட்டதில்லை. கையுறை ஆலைக்குப் பாலாகவே விற்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்; அவர்கள் அமோனியா ஊற்றி, மின்சுமை குறையாமலும் பாக்டீரியா வளராமலும் பார்த்துக்கொள்கிறார்கள்.

பார்மிக் என்ற பேரே எறும்பிலிருந்து வந்தது. கடித்தால் எரிகிறதே, அதுதான். எறும்புப் பேர் என்று லேசாக நினைக்க வேண்டாம், நீர்க்காத ஆசிட் கையில் பட்டால் கொப்புளம் போடும். தண்ணீரை முதலில் வைத்து, அதில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். நான் மூடியில் ஓட்டை போட்ட குடிநீர் போத்தலில் கலந்து, போத்தல்மேல் பெரிதாக ஆசிட் என்று எழுதி வைத்திருக்கிறேன். பால் வடிவது நின்றதும் மங்குக்கு ஒரு பீச்சு, குச்சியால் ஒரு கலக்கு. வரிசை முடிந்து திரும்பி வரும்போது முதல் மரத்து மங்கில் விரலை வைத்தால் அழுந்தும், ஒட்டாது.