ரங்கூன்லேர்ந்து மோல்மேன்: எல்லாத்தையும் லாரில ஏத்தணுமா, குடுத்துட்டு போணுமா?

பர்மால ரங்கூன்லேர்ந்து மோல்மேனுக்கு வீடு மாத்துறோம்னா தூரம் சுமார் 300 கிலோமீட்டர் தான், அதனால எல்லாத்தையும் லாரில ஏத்திடலாம்னு தான் முதல்ல தோணும். பழகின சாமான் கூடவே இருந்தா புது ஊர் சீக்கிரம் நம்ம ஊரா ஆயிடும், அது உண்மை. ஆனா லிஃப்ட் இல்லாத அஞ்சாவது மாடிலேர்ந்து தேக்கு பீரோவ இறக்கணும்னா கதவ கழட்டி, கயிறு கட்டி பால்கனி வழியா தான் விடணும், அதுவும் ஜூலை மழைல தார்பாய் போட்டும் மெத்தைல ஈரம் இறங்கிடும், மோல்மேன்ல ரங்கூன விட மழை ஜாஸ்தி, பூஞ்சணம் புடிச்சத வெச்சு என்ன செய்ய?

குடுத்துட்டு போறது மனசு வலிக்கும். மறுக்கல. ஆனா கிரைண்டர வாங்கிட்டு போன பக்கத்து வீட்டு அக்கா மறுநாளே இட்லி கொண்டாந்து நீட்டுவாங்க, ரூம் காலியாக ஆக அங்க போய் சின்னதா கடை போடலாமா, தையல் கத்துக்கலாமான்னு யோசனை ஓட ஆரம்பிக்கும். 2005-ல சல்வீன் ஆத்துப் பாலம் திறக்குற வரைக்கும் மோல்மேனுக்கு எதிர்க்கரைல இருக்குற மார்ட்டபான் வரை ரயில், அப்புறம் படகு தானே, தூக்க முடிஞ்சத கொண்டு போயி குடும்பம் நடத்தலயா?

என் ஓட்டு குடுக்குறதுக்கு தான். சாமி படம், பத்திரம், அம்மாவோட முறுக்கு உரல் இத மட்டும் கைப்பைல வெச்சுக்கோங்க, லாரிக்காரர்கிட்ட குடுக்காதீங்க.