கடைசி இரண்டு விரற்கடை

மூன்றாவது முறையாகப் பழுது பார்த்து முடித்த சில நாளில் இதை எழுதுகிறேன். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. போன வாரம் நண்பர் ஒருவர், "டிராப்பர் போஸ்ட் வாங்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் மூன்று வருடமாக வைத்திருக்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டிருந்தார். மலை சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய்தான் போஸ்ட்; ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தி, ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கவும் ஏற்றவும் முடிந்தால் அது டிராப்பர் போஸ்ட். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. சீட் போஸ்ட்டைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது?

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடுத்தர வகை, கேபிளில் இயங்குவது, கேபிள் ஃபிரேமுக்குள்ளேயே ஓடும், 31.6 மி.மீ. விட்டம், சீட் 150 மி.மீ. இறங்கும். மற்ற விவரங்களை யார் வேண்டுமானாலும் அட்டைப்பெட்டியில் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அட்டைப்பெட்டியில் இல்லாத ஒன்று. லீவரை அழுத்தினால் சீட் மேலே வரும், ஆனால் முழுதாக வராது. கடைசி இரண்டு விரற்கடைக்கு முன்னால், ஏதோ யோசனை வந்ததைப் போல நின்றுவிடும்.

முழுதாக மேலே வந்துவிட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இந்தப் பொருளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்கள். பந்தயத்தில் குனிந்து பார்க்க நேரமிருக்காது, காதுதான் கண். முதல் வருடம் முழுக்க எனக்கு டொக் கேட்டது. இரண்டாம் வருடத்தின் நடுவில் 'டொ' என்று கேட்கத் தொடங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

இரண்டு விரற்கடைதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது சைக்கிள் பொருத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சீட் மூன்று நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்தால் அந்தக் கோணம் எங்கேயோ போய்விடும். மூன்று மணி நேரப் பந்தயத்தில், ஒரு மிதிக்கு ஒரு முறை என்று ஆயிரக்கணக்கான முறை, முட்டிச் சிரட்டைக்குக் கீழே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருக்கும். ஒரு 45 கி.மீ. பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது. நான் பரிசு வாங்குகிற ஆள் இல்லை, நடுக்கூட்டத்தில் வருகிறவன்தான். ஆனால் நடுக்கூட்டத்துக்கும் ஒரு மானம் உண்டு. அன்று பதினைந்து பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். இந்த இழுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்பி வருவேன்.

கோபத்தோடு மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன். அவர் சைக்கிளைத் தாங்கியில்கூட மாட்டவில்லை. ஆலன் கீயை எடுத்து, ஃபிரேமில் போஸ்ட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார். லீவரை அழுத்தச் சொன்னார். டொக்.

"இவ்வளவு இறுக்கமாக யார் முடுக்கியது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். போஸ்ட்டில் வெளிக்குழாய் ஒன்று, அதற்குள் சறுக்கும் உட்குழாய் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் புஷ் என்ற மெல்லிய வளையம். கிளாம்ப்பை அளவுக்கு மீறி முடுக்கினால் வெளிக்குழாய் கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்கி, புஷ் உட்குழாயைக் கவ்விக்கொள்ளும். சீட்டை மேலே தள்ளுவது உள்ளே அழுத்தி வைத்திருக்கும் வாயு. உட்குழாய் மேலே வர வர வாயு விரியும், விரிய விரிய அதன் பலம் குறையும். ஆகவே உராய்வு அதிகமானால் முதலில் தோற்பது கடைசி இரண்டு விரற்கடைதான். கிளாம்ப்பிலேயே எவ்வளவு முடுக்கலாம் என்று பொறித்திருந்தது: 5 நியூட்டன் மீட்டர். நான் எவ்வளவு முடுக்கியிருந்தேன் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். போஸ்ட் ஃபிரேமுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் தடுக்க நீளமான சாவியால் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். அதற்கென்றே மணல் போலச் சொரசொரப்பான ஒரு பசை இருக்கிறது. அதைத் தடவினால் குறைந்த முடுக்கத்திலேயே நழுவாமல் நிற்கும். அந்தப் பசையையும், எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரென்ச்சையும் அப்புறம்தான் வாங்கினேன்.

ஆக, முதல் பழுது என் கைவேலை. ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் போஸ்ட்டும் இப்படி மக்கர் செய்தால் இதே வரிசையில் பாருங்கள். முதலில் கிளாம்ப்பைத் தளர்த்திப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் போஸ்ட்டை வெளியே எடுத்து, அடியில் கேபிளைக் கழற்றிவிட்டு, அது இழுத்துக்கொண்டிருந்த சிறு நெம்புகோலைக் கையாலேயே அழுத்துங்கள். அப்போது துள்ளி வந்தால் குற்றம் கேபிளில். அதுவும் இல்லையென்றால் மேல் வளையத்தைத் திருகிக் கழற்றி, சீலைத் துடைத்து, பழைய கிரீஸை வழித்துப் புதிதாக இடுங்கள். சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது சில மாதங்களுக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். எனக்கு இரண்டாவது பழுது இதுதான். வெளியே வந்த கிரீஸ் மாவாட்டிய கல்லைக் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. அரை மணி நேர வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அதற்கு முன் நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும்: சைக்கிளில் நான் மாற்றிய பொருட்களிலேயே என் ஓட்டத்தை மாற்றியது இது ஒன்றுதான்.

இறக்கத்தில் சீட் ஓர் இடைஞ்சல். உயரமாக நிற்கும் சீட்டோடு செங்குத்தான பாறைப்படியில் இறங்கியவர்களுக்குத் தெரியும். முன்சக்கரம் பள்ளத்தில் விழும், பின்சக்கரம் எகிறும், எகிறும் சீட் தொடையிலோ பின்புறத்திலோ முட்டி ஆளையே ஹேண்டில்பாருக்கு மேலே அனுப்பிவிடும். அதற்குப் பயந்து இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் முன்சக்கரத்தில் எடையே இராது, திருப்பத்தில் அது வழுக்கும். சீட் தாழ்ந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், உடல் நடுவில், முழங்காலும் முழங்கையும் மடிந்திருக்க, சைக்கிள் கீழே தன் இஷ்டத்துக்குக் குதித்துக்கொண்டு போகும். திருப்பத்தில் சைக்கிளை மட்டும் சாய்க்கலாம். முன்பெல்லாம் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போன இடங்களில் இப்போது பிரேக்கை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு போகிறேன்.

இந்த ஆசை புதிதும் இல்லை. மலை சைக்கிளின் தொடக்க கால மனிதர்களில் ஒருவரான ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் 1980களிலேயே 'ஹைட்-ரைட்' என்று ஒரு ஸ்பிரிங்கை விற்றார்கள். கிளாம்ப்பைத் திறந்து உட்கார்ந்தால் சீட் இறங்கும், எழுந்தால் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். 2022-இல் மிலான்–சான் ரெமோ சாலைப் பந்தயத்தில், ஏறத்தாழ 300 கி.மீ. ஓட்டிய பிறகு, பொஜ்ஜோ என்ற குன்றின் இறக்கத்தில் ஸ்லோவேனிய வீரர் மத்தேய் மொஹோரிச் எல்லோரையும் விட்டு விலகிப் போய் வென்றபோது அவர் சைக்கிளில் இருந்ததும் டிராப்பர்தான். மலைப்பாதையே இல்லாத இடத்திலும் அது வேலை செய்தது.

ஆனால் மாட்டியவுடனே வித்தை வந்துவிடாது. முதல் மாதம் முழுக்கத் தவறாகவே பயன்படுத்தினேன். சீட்டை இறக்க அதன் மேல் எடை இருக்க வேண்டும், அதாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இறக்கம் தொடங்கிய பின் லீவரைத் தேடினால், கரடுமுரடான இடத்தில் உட்கார நேரும். அதைவிட ஆபத்து வேறில்லை. மேட்டின் உச்சிக்கு நாலு மிதி முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். இதற்காகச் சமதரையில் மிதிப்பதை நிறுத்தாமல், கீழே பார்க்காமல், இறக்கு, ஏற்று என்று ஒரு நாளைக்கு இருபது முறை பழகினேன். இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை: தாழ்ந்த சீட்டுக்கு மேலே குந்திய நிலையில் நிற்பது தொடையைப் பிழிந்துவிடும். இறக்கம் என்றால் ஓய்வு என்று நினைத்திருந்தவனுக்கு, ஐந்து நிமிட இறக்கத்தின் முடிவில் கால் நடுங்கியது. வாரத்தில் இரண்டு நாள் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காரும் பயிற்சியும், எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சியும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் நடுக்கம் போனது. சாதாரண போஸ்ட்டைவிட இது ஏறக்குறைய 300 கிராம் கூடுதல். ஏற்றத்தில் அந்த எடையை நான் உணர்ந்ததே இல்லை. தண்ணீர்ப் புட்டியைப் பாதி மட்டும் நிரப்பிக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது.

இனி மூன்றாவது பழுது.

நாலு மாதத்துக்கு முன்னால், மேலே வந்த சீட் உட்கார்ந்ததும் பஞ்சு மாதிரி அமுங்கத் தொடங்கியது. முதலில் அரை விரல், பிறகு ஒரு விரல். கடைசியில் மறுபடியும் அதே இரண்டு விரற்கடை. உள்ளே இருப்பது அடைத்து மூடிய ஒரு கார்ட்ரிட்ஜ். அதில் எண்ணெயும் வாயுவும் தனித்தனியே இருக்க வேண்டும். எண்ணெய் அமுங்காது, அதனால்தான் சீட் கல் போல நிற்கிறது. எண்ணெய்ப் பக்கத்தில் காற்று புகுந்துவிட்டால், அமுங்குவது அந்தக் காற்று.

காற்று எப்படிப் புகுந்தது? சீட் தாழ்ந்திருக்கும்போது லீவரை அழுத்தாமல் அதைப் பிடித்து மேலே இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியே காற்றை உறிஞ்சும். சீட்டைப் பிடித்து சைக்கிளைத் தூக்கினாலும் அதே கதை. பந்தயத்தில் நான் ஒரு கையால் இழுத்தேனே, அந்த இழுப்பு. அன்று மட்டும் இல்லை. டொக் கேட்காத நாட்களில் எல்லாம் அதே பழக்கம்தான். பாதி நேரம் லீவரை அழுத்தினேனா என்றே நினைவில்லை.

சரி, இதிலும் என் பங்கு இருக்கிறது. ஆனால் எல்லாப் பழியையும் நானே சுமக்கத் தயாராக இல்லை. தாழ்த்திய நிலையில் தூக்காதீர்கள் என்ற எச்சரிக்கை, கையேட்டின் பின்பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் இருக்கிறது. சைக்கிளைத் தூக்குகிற எவனும் முதலில் பிடிக்கும் இடம் சீட். அதைப் பிடித்துத் தூக்கினால் கெட்டுப்போகும் ஒரு பொருளை, முட்புதரிலும் ஓடையிலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு விற்கிறார்கள். கெட்டால் திறந்து சரிசெய்ய வழியும் இல்லை. காற்றை வெளியேற்ற ஒரு திருகு, வாயுவை நிரப்ப ஒரு வால்வு வைத்திருந்தால் என்ன? சைக்கிள் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் பம்ப்பாலேயே காற்றடித்துக்கொள்ளும் போஸ்ட்டுகள் சந்தையில் இருக்கின்றன. என்னுடையதில் கார்ட்ரிட்ஜை முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். உத்தரவாதம் கேட்டு எழுதினேன். இரண்டு வருடம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. முடிந்தது உண்மை. அந்தப் பதில் எழுதப்பட்ட தொனிதான் இன்னும் உறுத்துகிறது.

புது கார்ட்ரிட்ஜ் வர ஆறு வாரம் ஆனது. அதுவரை பழைய சாதாரண போஸ்ட்டை மாட்டி ஓட்டினேன். ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, நம்பகம் என்றால் அதுதான். ஆனால் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் என் இடது கட்டைவிரல், லீவர் இருந்த வெற்றிடத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. மனப்பாடமான ஓர் இறக்கத்தில் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன். அந்த ஆறு வாரமும் எரிச்சலில்தான் போனது.

பக்கவாட்டு ஆட்டம் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். உட்குழாய் சுழலாமல் தடுக்கும் சிறு பித்தளைத் துண்டுகள் தேய்ந்தால் சீட்டின் மூக்கு லேசாக இடமும் வலமும் ஆடும். என்னுடையது ஆடுகிறது. உட்கார்ந்தால் தெரியாது, கண்டுகொள்ளாதீர்கள்.

வாங்கலாமா? நான் வைத்திருக்கும் இந்த மாதிரியை வாங்காதீர்கள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுவேன். இதுவரை புகழ்ந்ததை எல்லாம் படித்துவிட்டு இதென்ன கணக்கு என்று கேட்பீர்கள். புகழ்ந்தது டிராப்பர் என்ற எண்ணத்தை, மதிப்பெண் போடுவது இந்தக் குழாய்க்கு. வேறு எதை வாங்கினாலும், உங்கள் ஃபிரேமின் சீட் குழாய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். வளைவோ தண்ணீர்ப் புட்டித் திருகோ குறுக்கே இருந்தால் 200 மி.மீ. இறங்கும் போஸ்ட் என்ற கனவை விட்டுவிட வேண்டியதுதான். சொந்தமாகத் திறந்து பார்க்கக்கூடியதாக இருந்தால் ஒரு மதிப்பெண் கூடுதல்.

புது கார்ட்ரிட்ஜ் போட்டபின் நான்கு முறை போய் வந்துவிட்டேன். நான்கு முறையும் டொக் கேட்டது. இருந்தும், ஏற்றம் தொடங்கும் இடத்தில் எல்லாம் என் கை பின்னால் போய், சீட்டுக்குக் கீழே எத்தனை விரல் வெளியே தெரிகிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.