டெல்டா, நார்த்வெஸ்ட்: கலைத்த ஓய்வூதியமும் உறையவைத்த ஓய்வூதியமும்

2005 செப்டம்பர் 14 அன்று, டெல்டா, நார்த்வெஸ்ட் ஆகிய இரு அமெரிக்க விமான நிறுவனங்களும் ஒரே நாளில் திவால் மனு கொடுத்தன. நார்த்வெஸ்ட், விமானிகளுக்குப் புதிய ஓய்வூதியப் பலன் சேர்வதை மட்டும் நிறுத்தி (அதாவது திட்டத்தை உறையவைத்து), சேர்ந்ததைக் காத்தது. டெல்டாவோ 2006இல் தன் விமானிகளின் ஓய்வூதியத் திட்டத்தையே கலைத்து, பொறுப்பை அரசின் ஓய்வூதிய உத்தரவாதக் கழகத்திடம் விட்டது. அவ்வாண்டு கழகத்தின் உத்தரவாத உச்சவரம்பு, 65 வயதில் ஓய்வு பெறுவோருக்கு ஆண்டுக்கு 47,659 டாலர். 60 வயதில் பெறுவோருக்கோ ஏறத்தாழ 31,000தான். 60 வயதுக்கு மேல் பயணிகள் விமானம் ஓட்டக் கூடாதென அப்போது தடுத்ததும் அரசின் விதியே என்பதால், விமானிகளின் கோபம் நியாயமானது. ஓய்வுபெற்ற டெல்டா விமானிகள் பலர் கழகத்தின் கணக்கீட்டை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 2008இல் இரு நிறுவனங்களும் இணைந்த பின், நார்த்வெஸ்ட் விமானிகளின் உறைந்த திட்டத்தை ஏற்றதும், வேடிக்கையாக, அதே டெல்டாதான்.