திருகோணமலையில் அரை நாள்: அருங்காட்சியகமா, போர்க் கல்லறையா?

இந்தத் துறைமுகத்துக்காக ஏன் இத்தனை பேர் சண்டையிட்டார்கள் என்று அறிய விரும்புகிறவர், உள்துறைமுக வீதியிலுள்ள கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஒல்லாந்தர் காலக் கட்டடம். அதன் தடித்த சுவர்களும் நீண்ட விறாந்தையுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இவ்வூரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். இதை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள், காட்சிப் பொருள்கள் பேசத் தொடங்கும். மழை நாளுக்கும் ஏற்ற இடம்.

நிலாவெளி வீதியில், உப்புவெளியில் இருக்கிறது போர்க் கல்லறை. கட்டணம் கிடையாது, நிலாவெளி பஸ்ஸில் போய் வாசலருகிலேயே இறங்கலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. முந்தைய இரவே இங்கிருந்து வெளியேறிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கல்லறையில் பிரித்தானியரோடு இந்தியர்களும் இலங்கையரும் உறங்குகிறார்கள். கற்களில் உள்ள வயதுகளை வாசியுங்கள். இருபதைச் சுற்றியே வரும். எனக்கு அங்கே நடை தானாகவே மெதுவாகிவிடும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கல்லறையையே சொல்வேன். அருங்காட்சியகம் தளபதிகளின் பெயர்களைத் தருகிறது. இங்கே சாதாரணச் சிப்பாயின் பெயரும் கல்லில் இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு மட்டும் அருங்காட்சியகமே பொருத்தம். கல்லறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், நண்பகல் வெயில் தாங்காது.