வளைக்குள் எட்டிப்பார்க்க ஒரு ஒயர் கேமரா

செல்போனில் செருகிப் பார்க்கும் ஒயர் கேமரா இது. 5 மீட்டர் நீளம், நுனியில் லென்ஸைச் சுற்றிக் குட்டி விளக்குகள். குழாய் அடைப்பு பார்ப்பதற்கென்று விற்கிறார்கள். நான் வாங்கியது எலி வளைக்கு. முதல் திருப்பம் வரை ஜோர். அப்புறம் ஒயர் மடங்கிக்கொள்கிறது, லென்ஸில் ஈரமண் அப்பிவிடுகிறது. துடைத்து மறுபடி விட்டேன். அகலமான அறை, காய்ந்த புல் மெத்தை, ஓரமாகக் கொறித்துப்போட்ட தானிய உமி. எலியைக் காணோம். பின்வாசல் வைக்காமல் அது வளை தோண்டுமா என்ன! பக்கத்தில் கைவிடப்பட்ட வளையில் ஒரு தேரை கேமராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரொம்பக் கிட்டே போனால் படம் மங்கல். குட்டி இருக்கும் வளையில் விடாதீர்கள், தாய் மிரண்டுவிடும். பாம்பும் குடியேறியிருக்கலாம், அதனால் கையை நுழைக்கவே வேண்டாம். வாங்குவதென்றால் கொஞ்சம் விறைப்பான ஒயராகப் பார்த்து வாங்குங்கள்.