முதல் தேர்வில் 30, கடைசித் தேர்வில் 85: கோடை வகுப்பில் நாங்கள் ஏமாந்த விதம்

கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘அறிவுச் செறிவூட்டல் முகாம்’ என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்ட யோசிப்பவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நான்கு வாரம் அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்தாள். போகும்போது, கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் கூப்பிட்ட குரல் காதில் விழாத பிள்ளை. முடித்து வந்த மறுநாள் என்னிடம், “அம்மா, எனக்குக் கணக்கு வராதும்மா, அடுத்த வருஷம் வேற பாடம் எடுத்துக்கிறேன்” என்றாள். கட்டிய பணம் பல மாதம் சேர்த்து வைத்தது. அது போனதைக்கூட ஒருவழியாக ஆற்றிக்கொள்வேன். இந்த ஒரு வார்த்தையை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சேர்ந்த கதையிலிருந்து சொல்கிறேன். முதலில் ஒரு ‘இலவசத் திறனறித் தேர்வு’. அரை மணி நேரத்தில் 40 கேள்விகள். மகளுக்கு 12 சரி, அதாவது நூற்றுக்கு 30. அன்று மாலையே ஒரு கவுன்சலர் எங்களை உட்காரவைத்து, சிவப்பும் பச்சையுமாக ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். “ஏழு பகுதியில அஞ்சுல பின்தங்கியிருக்காங்க மேடம். இப்ப விட்டுட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது” என்றார். விடுமுறையில் பிள்ளைகள் படித்ததில் பாதியை மறந்துவிடுவார்கள் என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்றார். தங்கள் முறை ‘இரண்டு சிக்மா’ முறை, சராசரிப் பிள்ளையை முதல் இரண்டு சதவீதத்துக்குக் கொண்டுபோகும் என்றார். இடம் குறைவு, 48 மணி நேரத்துக்குள் முழுப் பணமும் கட்டினால்தான் உறுதி என்றார். என் மகள் அந்தச் சிவப்புக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் கட்டினேன்.

அவர் சொன்ன ஆராய்ச்சிகளை எல்லாம் முடிந்தபிறகுதான் தேடிப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டும். ‘இரண்டு சிக்மா’ என்பது 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் எழுதிய கட்டுரை. சிக்மா என்றால் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்று அளக்கும் அலகு. சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டினார் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர், அதிகம் போனால் இரண்டு மூன்று பேர் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, ஒரு பகுதி முழுதாகப் புரிந்தபிறகே அடுத்ததற்குப் போனபோது கிடைத்த விளைவு. அதோடு ஒப்பிட்ட ‘சாதாரண வகுப்பில்’ சுமார் 30 பேர். அப்படித் தனியாகச் சொல்லிக்கொடுத்தாலும் பலன் அத்தனை பெரிதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தது 0.79 சிக்மாதான். எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்த அறையில் 64 பேர்! ப்ளூம் எதைப் பின்தங்கிய முறை என்று காட்டினாரோ, அதைவிட இரண்டு மடங்கு கூட்டத்துக்கு அவர் பெயரையே விளம்பரமாக ஒட்டியிருந்தார்கள்.

‘பாதி மறந்துவிடும்’ என்பதும் அப்படித்தான். இந்த விஷயத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவும் 1996-இல் செய்த தொகுப்பாய்வு. அதில் சராசரி இழப்பு ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு. கணக்கில் கொஞ்சம் கூடுதல், வாசிப்பில் குறைவு. பாதி என்று எங்கும் இல்லை.

வகுப்புக்கு வருகிறேன். துண்டுப் பிரசுரத்தில் ஒரு கல்லூரியின் பெயர் பெரிதாக இருந்தது, ஒரு பேராசிரியரின் படமும் இருந்தது. அந்தக் கல்லூரியே நடத்துகிறது என்றுதான் நினைத்தோம். பிறகு கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். “விடுமுறையில் அறைகளை வாடகைக்குக் கொடுத்தோம், பாடத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை” என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பேராசிரியர் முதல் நாள் ஒரு பதிவுசெய்த வீடியோவில் வரவேற்றார். அதன்பிறகு எந்த நாளும் வரவில்லை. பாடமும் பெரும்பாலும் வீடியோதான். அறையில் நின்றவர் அப்போதுதான் கல்லூரி முடித்த ஒரு இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை ஒர்க்‌ஷீட் முடிய வேண்டும் என்று அவருக்கும் மேலிருந்து கணக்கு வைத்திருந்தார்கள்.

செறிவூட்டல் என்றால் என்ன என்று நான் நினைத்திருந்தேன்? பள்ளியில் நேரமில்லாமல் விட்டுப்போகும் கேள்விகளோடு ஒரு பிள்ளையை உட்காரவைப்பது. இங்கே நடந்தது அடுத்த வகுப்பின் சிலபஸை நான்கு வாரத்தில் ஓட்டியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் மகளுக்கு நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும்.

இரண்டாவது வாரம் அவள் நோட்டின் ஓரத்தில் எதையோ எழுதிப் பார்த்திருக்கிறாள். 5 என்பது 1-உம் 4-உம். 13 என்பது 4-உம் 9-உம். 17 என்பது 1-உம் 16-உம். இவையெல்லாம் இரண்டு வர்க்க எண்களின் கூட்டல். ஆனால் 7, 11, 19 ஆகியவற்றை அப்படி எழுதவே முடியவில்லை. இந்தப் பகா எண்களுக்கு மட்டும் ஏன் வருகிறது, மற்றவற்றுக்கு ஏன் வரவில்லை? கையைத் தூக்கிக் கேட்டிருக்கிறாள். “இது போர்ஷன்ல இல்லம்மா, ஒர்க்‌ஷீட்டை முடி” என்று பதில். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைய ஒர்க்‌ஷீட்டில் நான்கு கணக்கு மிச்சம் என்று அவள் பெயர் பலகையில் ஏறியது.

அவள் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை எல்லாம் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1640 டிசம்பர் 25 தேதியிட்ட கடிதத்தில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, மெர்சென் என்ற அறிஞருக்கு எழுதினார். அதற்கு ஒரு முழு நிரூபணம் ஆய்லர் என்ற கணித மேதையின் கையில் கிடைக்க இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. செறிவூட்டல் வகுப்பு என்று பலகை மாட்டியவர்களிடம் ஒரு பிள்ளை தானாகவே அந்த வாசல்வரை வந்து நின்றிருக்கிறாள். அவளை உட்காரச் சொன்னார்கள்.

இப்போது அந்த இரண்டு தேர்வுகள். கடைசி நாள் ‘முன்னேற்றத் தேர்வு’. மகளுக்கு 85. சர்டிஃபிகேட், கைதட்டல், புகைப்படம் எல்லாம் நடந்தது. வீட்டுக்கு வந்தவள் சந்தோஷமாக இல்லை. “நேத்து பண்ணின அதே கணக்குதாம்மா வந்துச்சு” என்றாள். முதல் தேர்வின் வினாத்தாளை எல்லோரிடமும் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அவன் அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தாளில் அரை மணிக்கு 40 கேள்வி, அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள் இன்னும் படித்தே இராத அடுத்த வகுப்புப் பாடம். கடைசித் தாளில் ஒரு மணி நேரத்துக்கு 20 கேள்வி, அவற்றில் 14 முந்தைய நாள் ஒர்க்‌ஷீட்டில் இருந்தவை, எண்கூட மாறவில்லை. பயமுறுத்த ஒரு தாள், மகிழ்விக்க ஒரு தாள். நடுவில் இருந்த 55 மதிப்பெண்ணுக்குத்தான் நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம்.

நேற்றுப் படித்ததை இன்று கேட்டால் யாரும் எழுதுவார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 81 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு அப்போது 75-தான். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. படித்துக்கொண்டே இருந்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நான் மூன்று வாரம் கழித்து அதே கடைசித் தாளை மகளுக்கு மறுபடி கொடுத்தேன். 20-இல் 9 சரி.

தாளை மாற்றிவிட்டு மதிப்பெண்ணை ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதில் ஆய்வாளர்களே தடுமாறியிருக்கிறார்கள். கோடையில் ஏழை, வசதியுள்ள பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி வளர்கிறது என்று சொன்ன, அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆய்வு மிகவும் பெயர்பெற்றது. பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 2019-இல் அதை மறுபடி அலசினார். பிள்ளைகள் வகுப்பு மாறும்போது தேர்வுத் தாளும் மாறியதும், மதிப்பெண் போட்ட முறையும் அந்த இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்று எழுதினார். அங்கே அது யாரும் திட்டமிடாமல் நேர்ந்தது. இங்கே திட்டமிட்டே செய்தார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் ரீஃபண்ட் இல்லை என்று விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதே பக்கத்தில் மாணவரின் படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த பேட்ச் விளம்பரத்தில் என் மகள் சர்டிஃபிகேட்டோடு நிற்கிறாள், கீழே “30-லிருந்து 85!” என்று. அவள் பதினாறு வயதுப் பிள்ளை. அதை எடுக்கச் சொல்லி இரண்டு கடிதம் எழுதிய பிறகுதான் எடுத்தார்கள். பணத்துக்காகக் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

எல்லாக் கோடை வகுப்பும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆர்னால்ட் ராஸ் என்ற கணிதவியலாளர் 1957-இல் தொடங்கிய கோடைக் கணித முகாம் இன்றும் நடக்கிறது. “எளிய விஷயங்களை ஆழமாகச் சிந்தி” என்பதே அதன் வாசகம். பிள்ளைகள் ஆறு வாரம் எண் கோட்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, நாள்தோறும் கணக்குகளோடு மல்லுக்கட்டித் தாங்களே நிரூபணம் தேடுகிறார்கள். 1984-இல் தொடங்கிய ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற கோடை ஆராய்ச்சி முகாம் அங்கேயே எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது, தேர்வாகும் மாணவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கெல்லாம் எல்லோருக்கும் இடம் கிடைக்காதுதான். ஆனால் நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவை போதும்.

என் பிள்ளைக்கு மறுபடி ஒரு வகுப்பு பார்ப்பதாக இருந்தால், வரைபடத்தை ஒதுக்கிவிட்டு நேற்று வகுப்பில் கொடுத்த ஒர்க்‌ஷீட்டைக் காட்டச் சொல்வேன். அடுத்த வகுப்புப் புத்தகத்தின் அச்சாக இருந்தால் அங்கேயே எழுந்துவிடுவேன். படத்தில் இருப்பவரைப் பற்றிக் கேட்காமல், அறையில் தினமும் நிற்கப்போகிறவர் யார், எத்தனை பேருக்கு என்று எழுத்தில் வாங்குவேன். இடம் கொடுக்கும் கல்லூரிக்கு நானே முதலில் எழுதிக் கேட்பேன். நுழைவுத் தேர்வின் தாளை வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்றால் அந்த மதிப்பெண்ணை நம்ப மாட்டேன். 48 மணி நேரம் என்று சொல்பவரிடம் பணமே கட்ட மாட்டேன்.

மகளின் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஓரத்தில் இருந்ததைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, “ஒற்றை எண்ணோட வர்க்கத்தை 4-ஆல வகுத்தா மீதி என்ன வரும், இரட்டைக்கு என்ன வரும், அதை மட்டும் பார்த்துட்டு வா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தாள். ஒற்றைக்கு மீதி 1, இரட்டைக்கு 0, எப்படிக் கூட்டினாலும் மீதி 3 வராது, அதனால்தான் 7-க்கும் 11-க்கும் 19-க்கும் வரவில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மீதி 1 வரும் பகா எண்களுக்கு ஏன் எப்போதும் வருகிறது என்பதுதான் கடினமான பாதி, அது இன்னும் வரவில்லை. நேற்று 97 வரைக்கும் சரிபார்த்து முடித்தாள். 16-உம் 81-உம்.

முகாமில் கொடுத்த சர்டிஃபிகேட்டைப் புகார்க் கோப்பில் வைத்திருக்கிறேன், இரண்டு வினாத்தாள்களோடு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முதல் தாள், ஒரு கடைசித் தாள் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.